பழைய வெள்ளிக்காசு: நிறைக்கு விற்கமுன் ஆண்டைப் பாருங்கள்

கிருலப்பனையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் ஆச்சி மகளோடு இருக்கிறார். ஊர் வன்னி. ஒருநாள் பின்னேரம் பால்மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். நாற்பத்திரண்டு காசுகள். அனேகமானவை கறுத்திருந்தன, சிலதில் பச்சை பிடித்திருந்தது.

“தம்பி, நீங்கள் பழைய வெள்ளிக்காசு வாங்கிறனீங்கள் எண்டு மகள் சொன்னவள். இது எவ்வளவு போகும்?”

அதற்கு முதல் நாள்தான் அவர் ஒரு நகைக்கடைக்குப் போய் வந்திருந்தார். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் கொட்டி நிறுத்துவிட்டு, “இது பழைய காசு அம்மா, பாதிதான் வெள்ளி” என்று ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி யோசித்துவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல காலம்.

நான் நகை வியாபாரி அல்ல. 2022 மார்ச்சில் 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவுக்குப் போனபோது, வங்கிப் புத்தகத்தில் இருந்த சேமிப்பு கண்முன்னே கரைந்ததைப் பார்த்தபின் மாதத்தில் நாலைந்து பழைய வெள்ளிக்காசு வாங்கத் தொடங்கினேன். சேகரிப்பாளர் தேடும் பளபளப்பான காசு அல்ல. பலர் கையில் புழங்கித் தேய்ந்த காசு, உள்ளே இருக்கும் வெள்ளிக்காக மட்டும். ஆகவே இதில் நான் வாங்குகிற பக்கம். வாங்குகிறவனுக்குத் தெரிந்து விற்கிறவருக்குத் தெரியாமல் இருப்பது என்ன என்பதைத்தான் எழுதுகிறேன். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை, காசில் அச்சடித்திருக்கும் ஆண்டும் ஒரு சின்னக் கணக்கும்தான்.

எங்கள் சனத்திடம் வெள்ளி மிஞ்சியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தங்கம் போய்விட்டது. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் இயக்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், பிறகு வன்னியில் ஒவ்வொரு இடமாக ஓடியபோது, அரிசிக்கும் மருந்துக்கும் படகுக்கும் சங்கிலியும் காப்பும் போயின. தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்தவர்களின் நகைகள் போர் முடிந்தபின் இராணுவத்தின் கையில் இருந்தன. அவற்றில் ஒரு தொகுதி 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. வெள்ளிக்காசை யாரும் கேட்கவில்லை. பாரம் அதிகம், பெறுமதி குறைவு. கிணற்றடியில் புதைத்தவர்கள் திரும்பிப் போய்த் தோண்டியபோது அது அப்படியே இருந்தது. இப்போது அந்தப் பெறுமதி குறைவு இல்லை. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டொலரைத் தாண்டியது.

தோலாக் கணக்கு

பிரித்தானிய இந்தியாவின் ஒரு ரூபாக் காசு 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. இலங்கையில் இந்திய ரூபாதான் நீண்டகாலம் சட்டபூர்வக் காசாக ஓடியது. அந்நாளில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபா அடிக்கவில்லை, சில்லறைதான் அடித்தார்கள். அந்தச் சில்லறையும் அதே நிறைக் கணக்கில்தான்: 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92 கிராம், 10 சதம் 1.17 கிராம். பத்துப் பத்துச்சதக் காசைச் சேர்த்து நிறுத்தால் ஒரு தோலா வரும். எங்கள் பத்தர்மார் ரூபாக் காசையே படிக்கல்லாக வைத்து நிறுத்த காலமும் இருந்தது.

இது புதுக்காசின் நிறை. கைமாறித் தேய்ந்த காசு குறையும். அதனால் எண்ணிக் கணக்குப் பார்க்காமல் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். புறக்கோட்டையில் கையடக்கமான டிஜிட்டல் தராசு வாங்கலாம். ஒரு கிராமை நூறாகப் பிரித்துக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள், சமையலறைத் தராசு இதற்குச் சரிவராது.

இனி ஆண்டு. இதில்தான் பணம் இருக்கிறது.

இந்திய ரூபா 1939 வரை 91.7 வீதம் வெள்ளி. கிழக்கிந்தியக் கம்பனியின் 1835, 1840 ரூபா, விக்டோரியா இராணியின் ரூபா, மகுடமில்லாத மொட்டைத் தலையோடு ஏழாம் எட்வேர்ட், யானைச் சின்னம் பொறித்த சங்கிலி அணிந்த ஐந்தாம் ஜோர்ஜ், எல்லாம் இந்த வகை. தேயாத ஒரு காசுக்குள் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940இலிருந்து 1945 வரை அடித்த ஆறாம் ஜோர்ஜ் ரூபாவில் பாதிதான் வெள்ளி. மீதி 40 வீதம் செம்பு, ஐந்தைந்து வீதம் நிக்கலும் நாகமும். நிறை அதே 11.66 கிராம்தான். விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்: பாதி வெள்ளிக் காசின் விளிம்பின் நடுவே கள்ளக்காசைத் தடுப்பதற்காக ஒரு தவாளிப்பு ஓடும். 1947 ரூபாவில் வெள்ளியே கிடையாது. அது சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

இலங்கைச் சில்லறை வேறு கதை. 1892இல் வந்த 10, 25, 50 சத வெள்ளிக்காசுகள் 1917 வரை 80 வீதம் வெள்ளி. முதலாம் உலகப் போரில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. இந்தியாவில் 1917இல் வெள்ளிக்காசை உருக்குவதையே தடை செய்தார்கள். அமெரிக்கா 1918இல் சட்டம் போட்டுத் தன் வெள்ளி டொலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி, இந்தியாவின் காசடிப்புக்காகப் பிரித்தானியாவுக்கு விற்றது. காசுக்குள் இருக்கும் வெள்ளி காசின் மதிப்பைத் தாண்டினால் காசு கடைத்தெருவில் நிற்காது, உருக்கு மூசைக்குள் போய்விடும். அந்த அச்சத்தில் 1919இலிருந்து இலங்கைச் சில்லறையின் வெள்ளியை 55 வீதமாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு பிரித்தானியாவே தன் காசை 92.5 வீதத்திலிருந்து 50 வீதத்துக்கு இறக்கியது. இந்தியா மட்டும் தன் ரூபாவை 1940 வரை தொடவில்லை.

ஆகவே 1920 என்று ஆண்டு போட்ட இந்திய ரூபாவும் 1920 என்று போட்ட இலங்கை ஐம்பது சதமும் ஒரே அரசரின் தலையைத் தாங்கியிருந்தாலும் ஒன்றில் 91.7 வீதம், மற்றதில் 55 வீதம். கடையில் ஒன்றாகக் கொட்டி நிறுக்க விடக்கூடாது என்பது இதனால்தான்.

50 சதம் 55 வீதத்தில் 1929 வரை வந்தது, பிறகு 1942இல் ஒரு முறை. 1941இல் அடித்த 10 சதம் மட்டும் விதிவிலக்கு, அது மறுபடி 80 வீதம். 1943இலிருந்து ஐம்பது சதமும் இருபத்தைந்து சதமும் மஞ்சள் உலோகமாகிவிட்டன. அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவது 1957 ஒரு ரூபாவிலும் 1963க்குப் பிறகு வந்த வெள்ளை நிற ரூபா, ஐம்பது சதக் காசுகளிலும்தான். பார்வைக்கு வெள்ளிபோல இருக்கும், உள்ளே செம்பும் நிக்கலும். காந்தமும் ஒட்டாது. ஆண்டைப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

ஒரு சிறு விஷயம். அந்தக் காலத்து இலங்கை வெள்ளிக்காசின் பின்பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பலர் எங்கள் பனை என்று நினைப்பார்கள். அது தாளிப்பனை. ஆனால் அதன் பக்கத்தில் பெறுமதி தமிழிலும் பொறிக்கப்பட்டிருப்பது உண்மை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒருமுறை பாருங்கள்.

1957இல் புத்த ஜயந்தி 2500ஆம் ஆண்டு நினைவாக ஐந்து ரூபா வெள்ளிக்காசு ஒன்று வெளியிட்டார்கள். 28.28 கிராம், 92.5 வீதம் வெள்ளி. உள்ளே 26 கிராமுக்கு மேல் இருக்கிறது, பழைய இந்திய ரூபா இரண்டரைக்குச் சமம். தனிச் சிங்களச் சட்டம் வந்து அடுத்த ஆண்டு வந்த காசு என்பதால் எங்கள் வீடுகளில் இதைப் பெரிதாக மதித்துப் போற்றியவர்கள் குறைவு. ஆனாலும் வெள்ளி என்று தெரிந்தவர்கள் செலவழிக்காமல் எடுத்து வைத்தார்கள்.

வடக்கில் இன்னொரு வகையும் கிடைக்கும். மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோரிலும் வேலை பார்த்துவிட்டு வந்த பென்சனியர்மார் கொண்டுவந்த நீரிணைக் குடியேற்ற டொலர். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் சீன எழுத்தும் அரபு வடிவில் எழுதிய மலாயும். இதில் மூன்று அளவு உண்டு. 1903, 1904 டொலர் 26.95 கிராம், 90 வீதம் வெள்ளி. 1907 முதல் 1909 வரையான சிறிய டொலர் 20.21 கிராம், அதே 90 வீதம். 1919க்குப் பிந்தியது 16.85 கிராம், 50 வீதம் மட்டும். பெரியதற்குள் 24 கிராம் வெள்ளி, கடைசி வகைக்குள் எட்டரைக் கிராம்கூட இல்லை. இரண்டையும் ‘மலாயாக் காசு’ என்று ஒரே விலை சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆச்சியின் ரின்

வெள்ளி விலை தினமும் மாறுவதால், கணக்குக்காகச் சுத்த வெள்ளி கிராம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். உலக விலை அவுன்ஸில் சொல்லப்படும். அந்த அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் அல்ல. டொலர் விலையை 31.1ஆல் பிரித்து, ரூபா மாற்று விலையால் பெருக்கினால் கிராம் விலை.

ஆச்சியும் நானும் மேசையில் காசுகளை ஆண்டுவாரியாகக் குவித்தோம். 1939க்கு முந்திய இந்திய ரூபா ஒன்பது, நிறை 103.5 கிராம். 91.7ஆல் பெருக்க 94.9 கிராம் வெள்ளி. 1940களின் ரூபா ஆறு, 69.5 கிராம், வெள்ளி 34.7. பழைய 80 வீத ஐம்பது சதம் நான்கு, 22.8 கிராம், வெள்ளி 18.2. 55 வீத ஐம்பது சதம் ஏழு, 40.2 கிராம், வெள்ளி 22.1. 80 வீதப் பத்துச் சதம் பத்து, 11.2 கிராம், வெள்ளி 9. புத்த ஜயந்தி ஐந்து ரூபா இரண்டு, 56.4 கிராம், வெள்ளி 52.2. 1907 மலாயா டொலர் ஒன்று, 20.1 கிராம், வெள்ளி 18.1. மிச்சம் மூன்றும் வெள்ளி அல்ல.

மொத்த நிறை 323.7 கிராம். அதற்குள் சுத்த வெள்ளி ஏறத்தாழ 249 கிராம்.

கடைக்காரர் சொன்ன ‘பாதிதான் வெள்ளி’ கணக்கில் 162 கிராம், நம் விலைப்படி 81,000 ரூபா. உள்ளே இருப்பதோ 124,500 ரூபாப் பெறுமதி. கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆறு காசுக்கு அவர் சொன்னது சரி, ஏழு காசுக்கு ஏறத்தாழச் சரி. அதை மற்ற எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார். 43,500 ரூபா வித்தியாசம். ஆச்சியின் பேரப்பிள்ளைக்கு ஒரு தவணை ரியூசன் காசு அதற்குள் அடங்கும்.

முழு 124,500ஐயும் யாரும் தரமாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் கூடாது. உருக்கிச் சுத்தப்படுத்தச் செலவு இருக்கிறது. அரைவாசி வெள்ளிக் காசில் நான்கு உலோகம் கலந்திருப்பதால் பிரிப்பது இன்னும் கரைச்சல். என் அனுபவத்தில் நல்ல காசுக்கு நூற்றுக்குப் பத்து, கலப்புக் காசுக்குப் பதினைந்து கழித்தால் நியாயம். இருபதுக்கு மேல் போனால் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு விலை, செட்டியார் தெருவில் இன்னொரு விலை இருக்கும். கிருலப்பனையிலிருந்து 138 பஸ் ஏறினால் புறக்கோட்டை, அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு நடந்தே போகலாம். இரண்டு மூன்று கடையில் கேட்காமல் விற்க வேண்டாம். போகமுன் குவியல்களைத் தனித்தனிப் பையில் போட்டு, ஒவ்வொரு பையிலும் நிறையை எழுதி, எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அப்படி வருகிறவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். விற்றால் பற்றுச்சீட்டு எழுதுவியுங்கள்.

அடகு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி அடகு தங்கத்துக்குத்தான். வெள்ளிக்காசை எடுக்கும் தனியார் இடங்களில் வட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் தேவையான அளவு விற்பது மேல்.

நிறைக்கு விற்கக் கூடாதவை

சில காசுகளை உலோக விலைக்குக் கொடுப்பது நட்டம். 1939 இந்திய ரூபா மிக அரிது. அரிது என்பதாலேயே கள்ளக்காசும் நிறைய. உங்களிடம் ஒன்று இருந்தால் உருக்கு விலைக்கும் கொடுக்காதீர்கள், இலட்சாதிபதி ஆகிவிட்டோம் என்றும் எண்ணாதீர்கள், முதலில் காசு தெரிந்தவரிடம் காட்டுங்கள். 1911 ரூபாவும் தனி. அரசரின் மார்பில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அந்தக் காசைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். எழுத்துத் தேயாத புத்த ஜயந்தி ஐந்து ரூபாவையும் சேகரிப்பாளர்கள் உலோக விலைக்கு மேலே கொடுத்து வாங்குவார்கள். 1821இல் இலங்கைக்கென அடித்த றிக்ஸ் டொலர், அதற்கு முந்திய யானைப்படக் காசுகள் கிடைத்தால் நிறுக்கவே வேண்டாம். எது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்பினால், கோட்டை சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது.

இவற்றைத் தேசிக்காய், புளி, சாம்பல் போட்டு மினுக்காதீர்கள். எங்கள் பெண்கள் விளக்கு மினுக்குகிற கையால் காசையும் மினுக்கிவிடுவார்கள். உருக்குகிறவனுக்கு மினுக்கம் தேவையில்லை, சேகரிக்கிறவன் மினுக்கிய காசைத் தொடமாட்டான். ஆக மினுக்கினால் எந்தப் பக்கமும் இலாபமில்லை. மண்ணுக்குள் கிடந்த காசில் வரும் பச்சை, கலந்திருக்கும் செம்பின் களிம்பு. இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கடையில் அரத்தால் கீறவோ அமிலம் விடவோ கேட்டால், எந்தக் காசில் என்பதை நீங்கள் தெரிவு செய்து மிகத் தேய்ந்த ஒன்றைக் கொடுங்கள். கொழுக்கி பற்றவைத்துக் கழுத்தில் போட்ட காசுக்கு உலோக விலைதான், அதிலும் பற்றுவைத்த ஈயத்துக்குக் கொஞ்சம் கழிப்பார்கள்.

இன்னும் ஒன்று. வீட்டுக் காணியில் நீங்களே புதைத்தது உங்களுடையது. காடு வெட்டும்போதோ பழைய கோவிலடியிலோ கிடைக்கும் ‘சேது’ என்று எழுதிய யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசு அப்படியல்ல. கண்டெடுக்கப்படாத தொல்பொருள் சட்டப்படி அரசுக்குரியது, விற்கப் போனால் வழக்கு வரும். காசு தேடி மற்றவர் விட்டுப்போன காணிகளைத் தோண்டுவதும் வேண்டாம். மிதிவெடி அகற்றாத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு

என்னைப்போல் சேமிப்புக்காக வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கள்ளக்காசைக் கழிக்கப் பழக வேண்டும். இராமர் பட்டாபிஷேகம், அனுமார் படத்தோடு 1818 என்று ஆண்டு போட்ட ‘கிழக்கிந்தியக் கம்பனி’ காசு எல்லாம் வேடிக்கைச் சாமான். கம்பனி அப்படி ஒரு காசு அடிக்கவில்லை. ரூபாவில் சந்தேகம் என்றால் தண்ணீரில் பார்க்கலாம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல 91.7 வீத ரூபா என்றால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். செம்பு நிக்கல் என்றால் 1.3, பித்தளை என்றால் இன்னும் கூட. காந்தம் ஏமாற்றும், காதால் கேட்கும் கணீர் ஓசையும் சிலவேளை ஏமாற்றும், தண்ணீர் ஏமாற்றாது.

வெள்ளி ஏறிக்கொண்டே போகும் என்று யாரும் சொன்னால் 1980ஐ நினைவில் வையுங்கள். அந்த ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் 50 டொலரை எட்டியது. மார்ச் முடிவில் 11 டொலருக்குக் கீழே. 2011 ஏப்ரலில் மறுபடி 48க்கு மேல் போய், 2020 மார்ச்சில் 12 டொலருக்கு வந்தது. கடன்பட்டு வாங்குகிற சாமான் இது அல்ல. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசில் வாங்கச் சொல்லும் ஆட்களும் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். இன்று வாங்கி இன்றே விற்றாலும் நூற்றுக்கு இருபது இழப்பீர்கள், விலை நூற்றுக்கு இருபத்தைந்து ஏறின பிறகுதான் உங்கள் முதலே திரும்பும்.

ஆச்சியின் சில்லறை இருபத்தொன்றையும் நான் எடுத்துக்கொண்டேன், அன்றைய வெள்ளி விலையில் நூற்றுக்குப் பத்து கழித்து. கணக்கை அவருடைய மகள் என் தாளிலேயே ஒருமுறை போட்டுச் சரிபார்த்தார். ஒன்பது ரூபாவையும் அடுத்த கிழமை செட்டியார் தெருவில் மூன்றாவது கடையில் கொடுத்தார்கள், பன்னிரண்டு கழித்தார்களாம். அரைவாசி வெள்ளிக் காசு ஆறையும் ஐந்து ரூபா இரண்டையும் விலை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மலாயா டொலரை ஆச்சி மேசைக்கு வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டார். நான் நிறுத்து முடிந்ததும் கையை நீட்டி வாங்கினார். மாமனார் ஈப்போவில் இருந்து கொண்டுவந்ததாம். “இதின்ர நிறையை மட்டும் எழுதித் தாங்கோ தம்பி, பிறகு பிள்ளையள் ஏமாறக்கூடாது” என்றார். 20.1 கிராம், 90 வீதம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் காசோடு சேர்த்துச் சுற்றி மறுபடி ரின்னுக்குள் போட்டார்.